ஓசி பால்கனி

க்ரூஸ் கப்பல் பயணிகளில் ஓசி பால்கனிக்காரர் ஒரு தனி ரகம். இருப்பதிலேயே மலிவான அறைக்குப் பணம் கட்டிவிட்டு, அதைவிட ஒரு படியாவது உயர்ந்த அறையில் போய்ப் படுக்க வேண்டும் என்பது இவருடைய கொள்கை. மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவரல் ஆகிய ஃபுளோரிடாத் துறைமுகங்களிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் புறப்படும் எந்தக் கப்பலிலும் இவரைப் பார்க்கலாம். வயது பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். வசதிக்குக் குறைவில்லை, பால்கனி அறையைக் காசு கொடுத்தே வாங்க முடியும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பால்கனியில் என்ன பெருமை இருக்கிறது? அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். “சும்மாவே கொடுத்தார்கள்” என்று சாப்பாட்டு மேசையில் சொல்ல முடிந்தால்தான் இவருக்கு அது பால்கனி.

கப்பலில் அறைகளுக்கு ஒரு வரிசை உண்டு. அடிப்படியில் ஜன்னலே இல்லாத உள்ளறை. விளக்கை அணைத்துவிட்டால் அங்கே நண்பகலும் நள்ளிரவும் ஒன்று. அடுத்தது கடல் தெரியும் ஜன்னல் அறை, அதற்கு மேல் பால்கனி அறை, உச்சியில் சூட். 1984-இல் வந்த ராயல் பிரின்சஸ் கப்பலில் பயணிகள் அறைகள் எல்லாவற்றையும் வெளிப்பக்கம் பார்த்தபடி அமைத்து, பல அறைகளுக்குப் பால்கனியும் வைத்தார்கள். இப்போது பெரிய கப்பல்களில் பால்கனி சர்வசாதாரணம். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் 20 தளங்கள், 2,805 அறைகள். கடலைப் பார்க்காமல், கப்பலுக்கு உள்ளேயே இருக்கும் பூங்காவைப் பார்க்கும் பால்கனிகளும் அதில் உண்டு. ஜன்னல் இல்லாத குறைக்கு மாற்றாக 2014-இல் நேவிகேட்டர் ஆஃப் த சீஸ் கப்பலின் உள்ளறைகள் சிலவற்றில் 80 அங்குலத் திரையை மாட்டி, வெளியே கேமரா பிடிக்கிற கடலை உள்ளே காட்டினார்கள். ஓசி பால்கனிக்காரர் இதை ஏற்பதில்லை. திரையில் காற்று வராது என்பது ஒரு காரணம்; அது எல்லாருக்கும் கிடைக்கிறது என்பது முக்கியமான காரணம்.

இவருடைய பயணம் முன்பதிவிலேயே தொடங்கிவிடுகிறது. மற்றவர்கள் கப்பலின் வரைபடத்தை விரித்து, லிஃப்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், நடனக் கூடத்துக்குக் கீழே வேண்டாம் என்று பார்த்துப் பார்த்து அறை எண்ணைக் குறிப்பார்கள். இவர் எண்ணே குறிக்க மாட்டார். ‘கேரண்டி’ என்ற பெயரில் விற்கும் அறையைத்தான் வாங்குவார். இதில் பயணி அறையின் வகையை மட்டும் சொல்லிப் பணம் கட்டுகிறார். எந்த அறை என்பதை நிறுவனம் பிறகு முடிவு செய்கிறது. சொன்ன வகைக்குக் கீழே இறக்க மாட்டார்கள். மேலே ஏற்றினாலும் ஏற்றுவார்கள். விலையும் வழக்கமாகக் கொஞ்சம் குறைவு. பெரும்பாலோருக்கு இதில் கிடைப்பது, யாரும் சீண்டாமல் விட்டுப்போன அதே வகை அறைதான். ஓசி பால்கனிக்காரரோ அந்த ‘ஏற்றினாலும் ஏற்றுவார்கள்’ மீது மூன்று மாதக் கனவைக் கட்டி எழுப்பிவிடுவார். அறை எண் வந்துவிட்டதா என்று நடுராத்திரியில் எழுந்து செல்போனைப் பார்ப்பது இந்தக் காலத்தில்தான்.

பதிவு செய்யும்போது, விசேஷம் ஏதாவது கொண்டாடுகிறீர்களா என்று கேட்பது வழக்கம். அந்தக் கட்டத்தை இவர் காலியாக விட்டதே இல்லை. தேனிலவு என்று போட வயது இடம் கொடுக்காததால், 25-வது திருமண நாள் என்று போடுவார். போன வருடமும் 25-தான். அதற்கு முந்தின வருடமும் 25-தான். இதற்காகப் பால்கனி கொடுத்தால் கப்பல் முழுக்க மணமக்களாகத்தான் இருப்பார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். எனவே கொடுப்பது வேறு. அறைக் கதவில் வாழ்த்து அட்டை தொங்கும். இரவுச் சாப்பாட்டின்போது பணியாளர்கள் ஏழெட்டுப் பேர் சின்ன கேக் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, சுற்றி நின்று கைதட்டிப் பாடுவார்கள். பக்கத்து மேசைப் பாட்டியம்மா உருகிப்போய், “நீங்கள் முதன்முதலில் எங்கே சந்தித்தீர்கள்?” என்று கேட்பார். மனைவி கேக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவரையே கேளுங்கள். வருடத்துக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்” என்பார்.

அறை உயர்வுக்கு, அதாவது அப்கிரேடுக்கு, நேர்வழியும் இருக்கிறது. அதற்கு ஏலம் என்று பெயர். ராயல் கரீபியன் நிறுவனம் ‘ராயல் அப்’ என்றும், நார்வீஜியன் நிறுவனம் ‘அப்கிரேடு அட்வான்டேஜ்’ என்றும் இதை நடத்துகின்றன. உயர்ந்த அறைக்கு எவ்வளவு கொடுக்கத் தயார் என்று பயணி ஒரு தொகையைச் சொல்லலாம். கேட்ட தொகைக்கு வாய்ப்பு எப்படி என்று திரையில் ஒரு முள் காட்டும். ஓசி பால்கனிக்காரர் முள் எவ்வளவு பின்னால் போகுமோ அவ்வளவு பின்னால் தள்ளி, அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தொகையில் நிறுத்துவார். ‘வாய்ப்பு மோசம்’ என்று திரை சொல்லும். அதை இவர் நிறுவனத்தின் பேரத் தந்திரம் என்று எடுத்துக்கொள்வார். தொகை தலைக்கு இவ்வளவு என்பதும், அறைக்கு இரண்டு தலை என்பதும் தாமதமாகத்தான் கண்ணில் படும். 60 டாலர் என்று போட்டது 120 ஆகும் என்று தெரிந்த அடுத்த நிமிடமே ஏலத்தை ரத்து செய்துவிடுவார். ஏற்றுக்கொள்ளும் வரை ரத்து செய்ய விடுவார்கள். ஏற்றுக்கொண்டுவிட்டால் பணம் திரும்பாது.

சில சமயம் நிறுவனமே தொலைபேசியில் கூப்பிட்டு, சிறு தொகை கூடக் கொடுத்தால் பால்கனிக்கு மாற்றித் தருவதாகச் சொல்லும். பதிவு விலையோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் இது நல்ல பேரம். இவர் இதைக் கேட்டதும் உஷாராகிவிடுவார். ‘கூப்பிட்டு விற்கிறார்கள் என்றால் அறை காலியாகக் கிடக்கிறது, காலியாகக் கிடந்தால் சும்மாவே கொடுப்பார்கள்’ என்பது இவருடைய தர்க்கம். முதல் பாதி சரி. இவர் வேண்டாம் என்றதும் பட்டியலில் அடுத்திருப்பவரைக் கூப்பிடுவார்கள். அவர் சரி என்று சொல்லிப் பணத்தைக் கட்டிவிடுவார். அந்த அடுத்தவர் மறுவாரம் பஃபேயில் இவருக்குப் பக்கத்திலேயே தட்டை நீட்டிக்கொண்டு நிற்கக்கூடும்.

கடைசி முயற்சி துறைமுகத்தில். மற்றவர்கள் அரைக்கால் சட்டையும் பூப்போட்ட சட்டையுமாக வந்து நிற்கும் மயாமி வெயிலில், இவர் மட்டும் கோட்டு அணிந்திருப்பார். பார்வைக்குச் சூட் பயணி மாதிரி இருந்தால் சூட் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். கையில் கவுண்டர் பெண்ணுக்கென்று ஒரு சாக்லேட் பெட்டி.

“மேடம், மேலே ஏதாவது அறை காலி இருக்குமா?”

“கப்பல் நிறைந்துவிட்டது, சார்.”

“கடைசி நேரத்தில் யாராவது வராமல் போனால்?”

“எல்லாரும் வந்துவிட்டார்கள், சார். உங்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள்.”

லாஸ் வேகஸ் ஓட்டல்களில் அடையாள அட்டையோடு 20 டாலர் நோட்டை மடித்து நீட்டினால் நல்ல அறை கிடைக்கும் என்று அமெரிக்காவில் ஒரு நம்பிக்கை உண்டு. அதையும் இவர் இங்கே செய்து பார்ப்பார். “சார், உங்கள் பணம் பாஸ்போர்ட்டுக்குள் இருந்தது” என்று அந்தப் பெண் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். கவுண்டரில் இருப்பவர்களின் வேலை ஆவணங்களைச் சரிபார்த்து உள்ளே அனுப்புவது. அறை ஒதுக்கீடு நிறுவனத்தின் அலுவலகத்தில், பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துபோன காரியம்.

அப்படியானால் இலவச அப்கிரேடு என்பதே கட்டுக்கதையா என்றால், இல்லை. அபூர்வமாக என்றாலும் உண்மையாகவே கிடைக்கிறது. ஆனால் காரணம் வேறு. அறைக்கு இருவர் என்ற கணக்கைத்தான் க்ரூஸ் நிறுவனங்கள் 100 சதவீத நிறைவு என்கின்றன. கூடுதல் படுக்கைகளில் பிள்ளைகள் சேரும்போது அது 100-ஐத் தாண்டும். புறப்படும் நேரத்தில் காலியாக இருக்கும் அறையை மறுநாள் விற்க முடியாது. அறைக் கட்டணம் மட்டுமல்ல, அதில் வந்து தங்கியிருக்கக்கூடியவர் மதுவிலும் கசினோவிலும் தீவுச் சுற்றுலாவிலும் செலவழித்திருக்கக்கூடிய பணமும் போய்விடும். ஆகவே எப்படியாவது நிரப்ப வேண்டும். உள்ளறைகள் விற்றுத் தீர்ந்து, இன்னும் ஆட்கள் உள்ளறையே கேட்டு, பால்கனிகள் மிஞ்சியிருந்தால், ஏற்கெனவே உள்ளறையில் இருக்கும் சிலரை மேலே நகர்த்திவிட்டு, அவர்கள் இடத்தை மறுபடி விற்றுவிடலாம். பால்கனி விலையைப் பகிரங்கமாகக் குறைத்து, முழு விலை கொடுத்தவர்களின் வயிற்றெரிச்சலைக் கட்டிக்கொள்வதைவிட இது மேல். நகர்த்தும்போது கோட்டு போட்டவரா, 25-வது வருடமா என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. எண் குறிக்காதவர் கைக்கு எளிதாக அகப்படுவார், அவ்வளவுதான். அதுவும் பல நேரங்களில் 3-ஆம் தளத்து உள்ளறையிலிருந்து 8-ஆம் தளத்து உள்ளறைக்கு மாற்றுவதையே அப்கிரேடு என்று சொல்லி வாழ்த்து அனுப்புவார்கள்.

ஒரே அறையில் நாலு பேராகப் போகிறவர்களுக்கு இந்த யோகமும் குறைவு. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை உருவானது. அதிலிருந்து வந்த விதிகளின்படி, கப்பலில் இருக்கும் அனைவருக்கும் உயிர்காப்புச் சாதனங்களில் இடம் வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் அவசரத்தில் கூட வேண்டிய இடம் ஒதுக்கப்பட்டிருக்கும்; அந்த இடத்துக்கும் ஆள் வரம்பு உண்டு. எனவே நாலு பேர் அறையைக் கப்பலின் வேறு பகுதிக்குத் தூக்கிப் போடுவது சுலபமல்ல. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து ஓசி பால்கனிக்காரர் பேரப்பிள்ளைகளை உடன் அழைத்துப் போவதில்லை. மகள் கேட்டால், சர்வதேச உடன்படிக்கை இடம் கொடுக்கவில்லை என்பார்.

எப்போதாவது அந்த மின்னஞ்சல் வந்தேவிடும். பால்கனி! உறவு முழுவதற்கும் சேதி போகும். கப்பலில் ஏறிக் கதவைத் திறந்து, திரையை விலக்கினால், எதிரே ஆரஞ்சு நிறத்தில் உயிர்காப்புப் படகு ஒன்று கடலை மறைத்துத் தொங்கிக்கொண்டிருக்கும். அல்லது அறை நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே இருக்கும். விடிவதற்கு முன்பே மேலே சாய்வு நாற்காலிகளை இழுத்துப் போடும் கரகர சத்தம் கூரை வழியாக இறங்கும். அல்லது கப்பலின் மூக்கில் இருக்கும். துறைமுகத்தில் நங்கூரச் சங்கிலி ஓடும்போது கட்டிலே அதிரும். கீழ்த் தளத்தில், கப்பலின் நடுவில் இருக்கும் அறைகளில்தான் ஆட்டம் குறைவு. விட்டு வந்த உள்ளறை அப்படிப்பட்டது என்பதை மனைவி குமட்டலுக்கு நடுவே நினைவுபடுத்துவார். இவர் எதற்கும் அசைய மாட்டார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லை.

ஆனால் திருப்தி இரண்டு நாளுக்கு மேல் நிற்காது. பந்தியில் தன் இலையில் இரண்டு அப்பளம் விழுந்ததும் எதிர் இலையில் மூன்று இருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி, இவர் பால்கனியிலிருந்து எட்டி மேலே பார்க்க ஆரம்பிப்பார். நார்வீஜியன் கப்பல்களில் ‘ஹேவன்’, எம்.எஸ்.சி. கப்பல்களில் ‘யாட் கிளப்’ என்று சூட் பயணிகளுக்குத் தனிப் பகுதியே உண்டு. தனி உணவகம், தனிக் குளம், அட்டை காட்டினால் மட்டும் திறக்கும் கதவு. அந்தக் கதவு யாருக்காவது திறக்கும்போதெல்லாம் இவருக்கு அந்த வழியாகத்தான் ஏதாவது வேலை இருக்கும்.

சூட்டுக்கு விசுவாசம் ஒரு வழி என்று பிறகு தோன்றும். ராயல் கரீபியனின் விசுவாசத் திட்டத்தில் கோல்ட், பிளாட்டினம், எமரால்டு, டயமண்ட், டயமண்ட் பிளஸ், பினாக்கிள் என்று படிகள். இரவுக்கு ஒரு புள்ளி. சூட் என்றால் இரட்டிப்பு. உச்சிப் படிக்கு 700 புள்ளிகள். உள்ளறையில், ஏழு இரவுப் பயணமாகப் போனால், நூறு பயணம். படி ஏற ஏற இலவசப் பானம், சலவைச் சலுகை, தனி விருந்தோம்பல் கூடம் என்று மரியாதைகள் கூடும். ஆனால் ஓசி சூட் அவ்வளவு சுலபமாகக் கைக்கு வராது. இத்தனை பயணத்துக்கு ஆகும் செலவில் எத்தனை பால்கனிகளை நேராக வாங்கியிருக்கலாம் என்று மனைவி ஒருமுறை தாளில் போட்டுக் காட்டினார். கணக்கில் தவறில்லை, தத்துவத்தில்தான் தவறு என்று இவர் தீர்ப்பளித்தார்.

கப்பலிலேயே அடுத்த பயணத்தைப் பதிவு செய்ய ஒரு மேசை போட்டிருப்பார்கள். முன்பணம் கட்டினால் கப்பல் செலவுக்குச் சிறு சலுகைத் தொகையும் தருவதுண்டு. கரை சேர்வதற்குள் இவர் அங்கே போய் மறுபடி உள்ளறை, மறுபடி கேரண்டி என்று எழுதிக் கொடுத்துவிடுவார். நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இவரைவிடத் தங்கமான வாடிக்கையாளர் கிடையாது. மாதக்கணக்கில் முன்னதாகப் பணம் கட்டுகிறார், குறிப்பிட்ட அறை வேண்டும் என்று அடம்பிடிப்பதில்லை, எங்கே ஓட்டை விழுந்தாலும் கொண்டுபோய் அடைக்கலாம், தவறாமல் திரும்பி வருகிறார். கப்பல் நிறைவதே இவரைப் போன்றவர்களால்தான். அந்த உபகாரத்துக்கு நிறுவனம் என்றைக்காவது ஒரு பால்கனியைக் கொடுத்து வைக்கிறது. இவர் அதைத் தன் சாமர்த்தியக் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார்.