பெயர் ஒன்று, வினை எது?

ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் வாலை நறுக்கினால் வினைச்சொல் கிடைத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. 'கிரியேஷன்' அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும். அதன் வினை 'கிரியேட்'. 'எஜுகேஷன்' தருவது 'எஜுகேட்'. அதே துணிச்சலோடு 'கான்வர்சேஷன்' பக்கம் போனால் 'கான்வர்சேட்' வரும், கூடவே ஆசிரியரின் சிவப்பு மையும் வரும். சரியான வினை 'கான்வர்ஸ்'. 'இன்டர்பிரட்டேஷன்' என்பதற்கும் 'இன்டர்பிரட்' என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். 'ரிசப்ஷன்' சொல்லில் ஓங்கி ஒலிக்கும் 'ப்', 'ரிசீவ்' ஆகும்போது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

இதற்குப் பொறுப்பு லத்தீன். லத்தீன் எச்ச வடிவத்திலிருந்து நேரே எடுத்த வினைகள் 'ஏட்' என்று முடிந்தன. 'கான்வர்ஸ்', 'இன்டர்பிரட்' போன்றவை பிரெஞ்சு வழியாக வந்ததால் அந்த ஈறு ஒட்டவில்லை. பெயர்ச்சொற்களோ எந்த வழியில் வந்தாலும் பள்ளிப் பிள்ளைகள்போல ஒரே சீருடையில் நிற்கின்றன.

பெயருக்குப் பின்னால் பிறந்த வினைகளும் உண்டு. 'எடிட்டர்' 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருந்தார். 'எடிட்' என்ற வினை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வந்தது. 'பர்க்ளர்' 16ஆம் நூற்றாண்டு முதல் வீடு புகுந்து திருடினாலும், தொழிலுக்குரிய வினை அவருக்கு 19ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. அதுவும் பிரிட்டனில் 'பர்கிள்', அமெரிக்காவில் 'பர்க்ளரைஸ்'. 'டொனேஷன்' என்பதிலிருந்து அமெரிக்கர்கள் எடுத்த 'டொனேட்' சொல்லை அமெரிக்க விமர்சகர் ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் 1870இல் வெளியான தம் நூலில் கடுமையாகச் சாடினார். சாடல் மறந்துபோயிற்று, நன்கொடை தொடர்கிறது. 1827 முதல் எழுத்தில் இருக்கும் 'என்தூஸ்' வினைக்கு மட்டும் நடை பார்ப்பவர்கள் இன்னும் உற்சாகம் காட்டுவதில்லை.

சில பெயர்களுக்கு இரண்டு வினைகள். 'ஓரியன்ட்', 'ஓரியன்டேட்' இரண்டும் ஒரே பொருள் தருபவை. நீளமானது பிரிட்டனில் செல்லும், அமெரிக்காவில் முகம் சுளிப்பார்கள். 'காமென்ட்' என்றால் கருத்துச் சொல்வது, 'காமென்டேட்' என்றால் ஆட்டத்தை நேர்முகமாக வருணிப்பது. கிரிக்கெட் ஓடும் வீடுகளில் இந்த வேறுபாடு அனுசரிக்கப்படுவதில்லை.

ஓரெழுத்தில் மாறுபவை தனி ரகம். 'அட்வைஸ்' பெயரானால் 'சி', வினையானால் 'எஸ்', ஒலியும் மாறும். பிரிட்டனில் 'பிராக்டிஸ்', 'லைசென்ஸ்' இரண்டுக்கும் இதே விதி, ஒலி மட்டும் மாறாது. அமெரிக்கர்கள் பெயருக்கும் வினைக்கும் ஒரே எழுத்துப் போதும் என்று சிக்கனம் பிடித்தனர். ஆனால் 'பிராக்டிஸ்' எழுத 'சி', 'லைசென்ஸ்' எழுத 'எஸ்' என்று வைத்தனர்.

பேச்சுத் தமிழ் இந்த வழக்கை எப்போதோ முடித்துவிட்டது. 'டிஸ்கஸ் பண்ணினார்', 'டிஸ்கஷன் பண்ணினார்' இரண்டும் செல்லும். வினையின் பாரத்தைப் 'பண்ணு' சுமந்துகொள்ளும். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தச் சலுகை கிடையாது, அகராதிதான் கதி. அது இரண்டு வடிவங்களைக் காட்டி, பொருளும் ஒன்றே என்றால், குட்டையானதை எடுப்பது பெரும்பாலும் பத்திரம்.