கதவிடுக்குப் பட்டை

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் தீத்தடுப்புக் கதவின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பட்டை. பெயின்டர் அதன்மேலும் அடித்துவிட்டார். பார்க்க அழகாகத்தானே இருக்கிறது?
– அடுக்ககவாசி, வேளச்சேரி

பதில்: அழகுக்கென்ன குறைச்சல்! இந்தப் பட்டைகள் பலவற்றில் இருப்பது கிராஃபைட். சுமார் 200 டிகிரி சூட்டில் பல மடங்கு உப்பி இடுக்கை அடைத்துவிடும். ஆனால் புகை அதுவரை காத்திருக்காதே! அதை மறிக்கத்தான் பட்டை நடுவே பிரஷ் மாதிரி மயிர் வரிசை. பெயின்ட் பட்டு அது விறைத்தால் போச்சு. 2011இல் கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனைத் தீயில் இறந்தவர்களில் பெரும்பாலோர் புகையில் மூச்சுத்திணறியே மாண்டார்கள். பட்டையை மாற்றச் சொல்லுங்கள். அப்படியே, காற்று வரட்டுமென்று அந்தக் கதவுக்கு யாரோ செங்கல் முட்டுக்கொடுத்திருப்பார்களே, அதையும் எடுத்துவிடுங்கள். வைத்தவர் அசோசியேஷன் செயலாளர் என்றால், அவர் தூங்கும்போது!