பொட்டி வந்துருக்கு மாப்ள, எந்திரி

வாங்கு மாப்ள, நல்லா வாங்கு. வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்? வெயில்ல மண்டை காயணும், கத்திரிக்காயை அமுக்கிப் பாத்துக் கடைக்காரம்மாகிட்ட வசவு வாங்கணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? கட்டில்ல சாஞ்சபடி கட்டைவிரலைத் தேச்சா கடப்பாரையே வீட்டுக்கு வருதாம். வரட்டும். அதைப் புடிச்சுக் குழி தோண்டவும் ஆள் அனுப்புவானான்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்க.

வரட்டிகூட விக்கிறாங்களாமே! உன் ஆத்தா, அதான் என் தங்கச்சி, சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. கொல்லையில மாடு போட்டதை வழிச்சுச் சுவத்துல அடிச்சா அது நாத்தம். அதையே வட்டமாத் தட்டி, எண்ணி, நெகிழித்தாள்ல சுத்தி, படம் புடிச்சுப் போட்டா 'பூஜைப் பொருள்'. கொட்டாங்கச்சியும் அப்படித்தான் விக்குது. ஆலங்குடிப் பக்கம் தென்னை இல்லாத வீடு எத்தனை இருக்கு? அந்த ஊர்க்காரன் கொட்டாங்கச்சிக்கு ஆர்டர் போட்டுட்டு "ஆஃபர்ல வந்துச்சு"ங்கறப்ப, சிரிப்பை அடக்க நான் வெத்தலையை வாயில அதக்க வேண்டியிருக்கு. சீலைக் கதை இன்னும் சோக்கு. கட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போயி, பந்தியில சாப்பிட்டு, படமும் எடுத்துட்டு வந்து, "அளவு சேரலை"ன்னு திருப்பி அனுப்புறாளுகளாம். சீலைக்கு ஏது மாப்ள அளவு?

ஆனா ஒண்ணு. வீட்டு வாசலுக்குச் சாமான் வர்றதை என்னமோ நேத்துக் கண்டுபுடிச்ச வித்தைன்னு நெஞ்சை நிமித்திப் பேசாத. வெள்ளைக்காரன் காலத்துலயே, 1877-ல, தபால் இலாகாவுல வி.பி.பி.ன்னு ஒண்ணு ஆரம்பிச்சுட்டாங்க. மெட்ராஸ்லயோ பம்பாயிலயோ இருக்கிற கம்பெனிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டா, தபால்காரர் பார்சலோட வந்து திண்ணையில உக்காருவார். காசை எண்ணி வச்சாத்தான் பார்சல் கைக்கு வரும். லேகியம், கைக்கடியாரம், வசிய மை எல்லாம் அப்படித்தான் ஊருக்குள்ள எறங்குச்சு. பிரிச்சுப் பாத்தப்பறந்தான் சில பேருக்குத் தெரியும், கடியாரத்துல முள்ளு ரெண்டும் வரைஞ்ச முள்ளுன்னு. பிளிப்கார்ட்டுக்காரங்க 2007-ல பெங்களூருல புஸ்தகம் வித்து ஆரம்பிச்சு, 2010-ல 'பொருளைக் குடுத்துட்டுக் காசை வாங்கிக்கறோம்'னு சொன்னப்ப ஊரே வாயைப் பொளந்துச்சு. அது 133 வருசத்துப் பழைய சங்கதி. ஏமாறுறதுலயும் நீ முதல் தலைமுறை இல்ல, உனக்கு முன்னால ஒரு பரம்பரையே இருக்கு.

இப்ப அந்தக் காசையும் கையால தொடுறதில்லையே. அம்மன் காசுன்னு சொந்தமா நாணயம் அடிச்சுப் புழங்கின சமஸ்தானம் நம்ம புதுக்கோட்டை. அந்த ஊர்ப் புள்ளை, பொட்டி வந்தா "க்யூஆர் கோடு காட்டுங்க"ங்கறான். காட்டட்டும். காசு சத்தமில்லாம கையை விட்டுப் போறது ஒரு சௌகரியந்தான், விக்கிறவனுக்கு.

உன் பார்சல் ஏன் ஊரைச் சுத்திக்கிட்டு வருதுன்னு கேட்டியே, அதுக்கும் ஒரு கதை இருக்கு. பின்கோடு பொறந்தது 1972 ஆகஸ்ட் 15. நம்ம ஜில்லா பொறந்தது 1974 ஜனவரி 14. பின்கோடு நமக்கு அண்ணன். திருச்சி, தஞ்சாவூர் ரெண்டுல இருந்தும் பிச்சு எடுத்த பூமிங்கறதால நம்பரும் நாலு தினுசாக் கெடக்கு. புதுக்கோட்டைக்கு 622, அறந்தாங்கிக்கு 614, கந்தர்வகோட்டைக்கு 613, விராலிமலைக்கு 621. நமக்குக் கலெக்டர் ஒருத்தர்தான், ஆனா கம்ப்யூட்டர் கணக்குல நாம நாலு வீட்டுப் பங்காளி.

நம்பர் சரியா இருந்தாலும் வீடு வரணுமே. "டோர் நம்பர் என்ன சார்?"னு போன்ல கேக்குற பயகிட்ட, "குளமங்கலம் பெரிய குதிரையைத் தாண்டி மேற்கால வந்து யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க"ங்கற. ஐயனார் கோயில் குதிரை 33 அடி ஒசரம், அது கண்ணுக்குத் தெரியும். உன் வீடு? "லொகேஷன் அனுப்புறேன்"னு நீ அனுப்புனது கண்மாய் நடுவுல காட்டுச்சு. மழை நேரத்துல அதை நம்பி எறங்குன பய, முழங்கால் சேத்தோட வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்து நின்னான். நீ அவனுக்கு ரெண்டு ஸ்டார் போட்ட. லேட்டாம்.

சரி, இந்தச் சாமானெல்லாம் எங்கேருந்து வருதுன்னு ஒரு நாளாவது யோசிச்சியா? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம், ஓசூர், கோயமுத்தூர்னு பெரிய ரோட்டோரமா ஏக்கர் கணக்குல தகரக் கூரை போட்ட கிடங்குக. முன்னெல்லாம் ஒரு மாநிலத்துல இருந்து இன்னொரு மாநிலத்துக்கு வித்தா மத்திய விற்பனை வரின்னு தனியா ஒண்ணு கட்டணும். அதுக்குத் தப்பிக்க, ஒவ்வொரு கம்பெனியும் மாநிலத்துக்கு ஒரு குடோன் வச்சு, "விக்கல, எங்க கிளைக்குத்தான் சரக்கு மாத்துறோம்"னு சொல்லி அனுப்பும். 2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வந்ததும் அந்த வேலை அத்துப்போச்சு. ரோடு எங்க நல்லாருக்கு, சனம் எங்க நெறைய இருக்குன்னு பாத்து, அங்க ஒரே பெரிய கிடங்காக் கட்டிக்கலாம்னு ஆச்சு. அந்தக் கணக்குல நம்ம ஜில்லா தேறல. நமக்கு வந்தது மெயின்ரோட்டுல வாடகைக்குப் புடிச்ச ஒரு ஷட்டர். விடிஞ்சா வண்டி வரும், மூட்டையை அவுத்து ஏரியாவாரியாப் பிரிப்பாங்க, பைக்குல ஏத்துவாங்க. அம்புட்டுதான் நம்ம பங்கு.

அந்தப் பெரிய கிடங்குக்குள்ள போனா உனக்குக் கிறுகிறுத்துரும். சோப்புக்குப் பக்கத்துல செருப்பு, செருப்புக்குப் பக்கத்துல சாமி படம். எங்க காலி இடம் இருக்கோ அங்க வச்சுட்டு, கையில இருக்கிற ஸ்கேனரால ஒரு 'பீப்'. எது எங்க இருக்குன்னு மனுசனுக்குத் தெரியாது, மிசினுக்குத்தான் தெரியும். அது சொல்ற அலமாரிக்கு ஓடணும், எடுக்கணும், அடுத்ததுக்கு ஓடணும். எவ்வளவு நேரம் ஆச்சுன்னும் அதுவே எண்ணிக்கிட்டு இருக்கும். 2024-ல அரியானா மானேசர்ல இருக்கிற அமேசான் கிடங்குல, இலக்கு முடியிறவரைக்கும் தண்ணி குடிக்கவோ ஒண்ணுக்குப் போகவோ நிக்க மாட்டோம்னு வேலையாளுகளை உறுதிமொழி எடுக்க வச்சதாச் சேதி வந்துச்சு. தேசிய மனித உரிமை ஆணையமே தானா எடுத்து மத்திய தொழிலாளர் துறைக்கு நோட்டீஸ் அனுப்புச்சு. முன்னெல்லாம் சத்தியம் பண்ணக் கோயிலுக்குப் போவோம். இப்ப குடோனே போதும்.

நம்ம ஷட்டர்ல இருக்கிற பயகளுக்கு அந்தக் கொடுமை இல்ல. அவனுகளுக்கு வேற கொடுமை. டிகிரி முடிச்ச புள்ளைகதான் பலபேரு. பல இடத்துல பொட்டிக்கு இம்புட்டுன்னு கூலி. பெட்ரோல் அவன் பாடு, பஞ்சர் அவன் பாடு, தெருநாய் அவன் பாடு. கம்பெனிக்காரங்க அவனைத் தொழிலாளின்னு சொல்ல மாட்டாங்க, மரியாதையா 'பார்ட்னர்'ம்பாங்க. லாபத்துல பங்கு எங்கன்னு மட்டும் அந்த பார்ட்னர் கேக்கக் கூடாது. 2023 டிசம்பர்ல தமிழ்நாட்டு சர்க்கார் இவுகளுக்குன்னே நலவாரியம் ஒண்ணு அமைச்சுது. "அதுல பேரைப் பதிஞ்சுக்கடா"ன்னு நம்ம தெருவுக்கு வர்ற பயகிட்டச் சொன்னேன். "அதுக்கு ஆப் இருக்கா அய்யா?"ங்கறான்.

இன்னொண்ணு. அமேசானையும் பிளிப்கார்ட்டையும் நீ கடைன்னு நெனைச்சுக்கிட்டு இருக்க. சட்டப்படி அவுக கடைக்காரவுக இல்ல. வெளிநாட்டுப் பணம் போட்ட கம்பெனி தன் சரக்கைத் தானே வச்சு ஆன்லைன்ல உனக்கு விக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. 2018 டிசம்பர்ல அதை இன்னும் இறுக்குனாங்க. அதனால சந்தை ஏலம் எடுத்தவர் கணக்குத்தான் அவுகளுக்கு. கூட்டத்தைக் கூட்டுவாங்க, கடை போட்டவன்கிட்டச் சுங்கம் வாங்குவாங்க, கத்திரிக்கா சொத்தைன்னா "போட்டவனைப் போயிக் கேளு"ம்பாங்க. ஆனா நம்ம சந்தைப்பேட்டை ஏலக்காரருக்கு நீ யாருன்னே தெரியாது. இவுகளுக்கு நீ எதை எடுத்துப் பாத்த, எதை வச்சுட்டுப் போன, எந்த வெலைக்கு மசிவங்கறது வரைக்கும் அத்துப்படி.

'இன்னும் ரெண்டே ரெண்டுதான் பாக்கி, 17 பேர் பாத்துக்கிட்டு இருக்காங்க'ன்னு காட்டுனதும் அடிச்சுப் புடிச்சு அமுக்குறியே, அந்த 17 பேர்ல ஒருத்தனையாவது நீ பாத்தியா? இப்படிப் பொய் அவசரம் காட்டுறது, கேக்காத சாமானைக் கூடையில நைசாச் சொருகுறது, வேணாம்னு அமுக்கப் போனா 'எனக்குப் பணம் மிச்சம் புடிக்கப் புடிக்காது'ன்னு உன்னையே சொல்ல வச்சு வெக்கப்படுத்துறதுன்னு 13 தில்லுமுல்லை எண்ணி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல தடை போட்டுச்சு. அதுல எத்தனையில நீ விழுந்தேன்னு ராத்திரி படுக்கறப்ப எண்ணிக்க. நல்லாத் தூக்கம் வரும்.

செல்போன் கேட்டுச் சோப்புக்கட்டி வந்தா, ஸ்டேட்டஸ்ல திட்டிக் கோவத்தை ஆத்திக்காத. பொட்டியைப் பிரிக்கறப்பவே வீடியோ எடு. 2020-ல வந்த இ-காமர்ஸ் விதிப்படி, நீ புகார் குடுத்தா 48 மணி நேரத்துல 'கெடைச்சுது'ன்னு பதில் வரணும், ஒரு மாசத்துக்குள்ள தீத்து வைக்கணும். நடக்கலையா, 1915-க்குப் போன் போடு. அதுக்கும் மசியலைன்னா, கம்பெனி பெங்களூருல இருந்தாலும் நீ அங்க போயி நிக்க வேண்டாம். 2019 சட்டப்படி நீ குடியிருக்கிற ஜில்லாவுலயே, நம்ம புதுக்கோட்டை நுகர்வோர் ஆணையத்துலயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் குடுத்த காசு அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் இல்ல. வக்கீல் வச்சுத்தான் ஆகணும்னும் இல்ல. இம்புட்டு மலிவான சங்கதியை எவனும் உனக்கு ஆஃபர்ல காட்ட மாட்டான்.

வாங்குற பக்கமே நிக்கிறியே, விக்கிற பக்கம் எப்பப் போவ? வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம்னு பலாவும் பூவும் வெளையற பூமி. சீசன்ல பழம் ரோட்டோரம் குமிஞ்சு கெடக்கும், கமிஷன் கடைக்காரர் சொல்றதுதான் வெலை. அதையே சென்னையில சுளை சுளையா டப்பாவுல அடைச்சு ஆப்புல விக்கிறான், அதைப் பாத்து நீ மெச்சுற. காலையில பறிச்ச பூ சாயங்காலம் வாடிரும், அதுக்கு ரெண்டு நாள் டெலிவரி ஒத்துவராது, சரி. பலாவுக்கு என்ன கேடு? அறந்தாங்கிப் பக்கம் சின்ன வீரமங்கலத்துல ஒரு தாத்தாவும் பேரப்புள்ளைகளும் வயக்காட்டுல அடுப்பு மூட்டிச் சமைச்சதை யூடியூப்ல பாக்க 2021-லயே ஒரு கோடிப் பேர் சேந்தாங்க. சனம் அதைப் பாத்ததும் உன் கையில இருக்கிற மாதிரிப் போன்லதான்.

கடைசியா ஒரு சங்கதி. 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் அடிச்சதை மறந்துட்டியா? தென்னை, பலா, மா எல்லாம் வேரோட சாஞ்சுச்சு. கரண்டுக் கம்பமும் சாஞ்சுச்சு. பல ஊருக்கு வாரக்கணக்குல கரண்டு இல்ல, டவரும் இல்ல, உன் போன் சார்ஜ் இல்லாம செத்துக் கெடந்துச்சு. அன்னிக்கு முக்குக் கடைக்காரர்தான் கூரை பிஞ்ச கடைக்குள்ள மெழுகுவத்தியைக் கொளுத்தி வச்சுக்கிட்டு அரிசியும் பருப்பும் அளந்து போட்டார். காசு கேக்கல, நோட்டுல பேரை எழுதிக்கிட்டார்.

இப்ப அந்தக் கடைக்கு நீ எதுக்குப் போற? சில்லறை மாத்தப் போற. "பொட்டி வரும், நான் வீட்டுல இல்ல, வாங்கி வைங்க"ன்னு சொல்லப் போற. அவரும் முகம் சுளிக்காம வாங்கி வைக்கிறார். பெட்டிக்கடைக்காரங்களை இந்த வேலைக்குச் சேத்துக்க 2015-ல அமேசான் ஒரு திட்டமே போட்டுச்சு, பொட்டிக்கு இம்புட்டுன்னு காசும் குடுத்துச்சு. நீ அதைச் சும்மாவே செய்ய வச்சுட்ட. கெட்டிக்காரன்தான்.

பூராத்தையும் அவர்கிட்டயே வாங்குன்னு சொல்லல. மிக்சிக்கும் செல்போனுக்கும் அவர் எங்க போவார்? அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி இந்த நாலையாவது அங்க வாங்கு. அவர் ஷட்டரை எறக்கிட்டார்னா, அடுத்த புயலுக்கு உன் பேரை நோட்டுல எழுத ஸ்ரீபெரும்புதூர்ல ஆள் இல்ல. தீவாளிக்கு வாங்குன எண்ணெய்க் காசு இன்னும் பாக்கி நிக்குதாம். உன்கிட்டக் கேக்கக் கூச்சப்பட்டு என்கிட்டச் சொல்லி அனுப்பிச்சார். நாளைக்குக் காலையில போயிக் குடுத்துரு மாப்ள.