ரையின் ஈறும் அளபெடையும்: நான்கு கோப்பைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளின் பெயரிலிருந்து தொடங்குவது மரபு. ரை என்பது கோதுமைக்கும் பார்லிக்கும் பங்காளி முறையான குளிர்நாட்டுத் தானியம். இதைக் கம்பு என்பாரும் உளர். கம்பு வெயிலில் விளைவது, ரை பனியில் பிழைப்பது. ஆகலின் அக்கூற்று பொருந்தாது. வடநாட்டார் ‘ராய்’ என்னும் கடுகுதான் இது எனின், அற்றன்று. ஒலி ஒத்தால் உறவாகிவிடாது. இனி, விஸ்கி என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசிக்கு முன் ‘இ’ வருமா வராதா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக மோதிக்கொள்கிறார்கள். அமெரிக்கக் குப்பிகளில் பெரும்பாலும் வரும். அக்குப்பிகளை ஆளும் கூட்டரசு விதிமுறையில் வராது. தமிழில் எழுதிப் பார்த்தோம். அந்த எழுத்து போன இடம் தெரியவில்லை. இதை இவ்வாய்வின் முதல் பங்களிப்பாகக் கொள்க.

விதிமுறை கறாரானது. ரை விஸ்கி என்றால் தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு ரை இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புது ஓக் கலத்தில்தான் ஊற வேண்டும். குப்பியில் ஆல்கஹால் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ‘ஸ்ட்ரெய்ட்’ என்று போட்டுக்கொள்ள இரண்டு ஆண்டு. 1897-ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்று போட வேண்டுமானால் ஒரே ஆலை, ஒரே பருவம், நான்கு ஆண்டு, பிசகாமல் 50 விழுக்காடு. ஆனால் சுவை என்று வந்தால் சட்டம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. விஸ்கிக்குப் பொதுவாக உரிய சுவையும் மணமும் விஸ்கிக்கு இருக்க வேண்டுமாம். நன்னூல் சொல்லும் பத்து அழகில் முதலாவதான சுருங்கச் சொல்லலுக்கு இனி வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டாம்.

சட்டம் விட்ட இந்த இடைவெளியில்தான் சுவைக்குறிப்பு என்னும் இலக்கிய வகை முளைத்துப் பரவியிருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் ஆலை 1799-இல் ஏறத்தாழ 11,000 காலன் விஸ்கி வடித்தது. கலவையில் 60 விழுக்காடு ரை. பெரும்பாலும் ஊறப்போடாமலே விற்றார்கள். அதை வாங்கியவர் எவரும் வெனிலாவைத் தேடி முகர்ந்திருக்க வழியில்லை. அந்த மணம் ஓக் மரம் கொடுப்பது. இன்றைய குறிப்பாளரோ வெனிலாவில் தொடங்கி, மிளகு, கிராம்பு, புதினா, பழைய தோல் பை, மழை நனைத்த வைக்கோல் வரை போய்விட்டுத்தான் கோப்பையைக் கீழே வைக்கிறார்.

களப்பணி, கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், நண்பர் ஒருவரின் சமையலறை மேடையில் நடந்தது. ஆய்வுக்குட்பட்டவை ரிட்டன்ஹவுஸ், பைக்ஸ்வில், வைல்ட் டர்க்கி 101, புல்லிட் ஆகிய நான்கின் ரை வகைகள். சுவைஞர், விஸ்கி நூல்களைக் கரைத்துக் குடித்த நண்பர். பேரப்பிள்ளை பிறந்ததற்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா, மேடையைக் காலி செய்யச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றதால் பார்வையாளர் ஆனார். ஊற்றியது நான். கண்மறைப்பு ஆய்வாளனுக்கு இல்லாமல் போனது ஒரு குறையே.

முதல் சுற்றில் லேபிள்கள் தெரியும்படி இருந்தன. ரிட்டன்ஹவுஸ், பிலடெல்பியாவின் ஒரு சதுக்கத்துப் பெயர். நண்பர் ஒரு மிடறு ராவாக அருந்தி, பென்சில்வேனியப் பள்ளத்தாக்கின் காரம் தெரிகிறது என்றார். பைக்ஸ்வில், பால்டிமோரை அடுத்த ஊர். அதில் மேரிலாந்து ரைக்கே உரிய இனிமை இருந்ததாம். இரண்டும் ஹெவன் ஹில் நிறுவனம் கென்டக்கியில் வடிப்பவை. கலவையும் ஒன்றே: ரை 51, மக்காச்சோளம் 35, முளைகட்டிய பார்லி 14. பைக்ஸ்வில் ஆறு ஆண்டு ஊறியது, 55 விழுக்காடு, மற்றது 50. வேற்றுமை அவ்வளவே. இரண்டாம் சுற்றில் குப்பிகளைப் பழுப்புத் தாளால் மூடினேன். மேரிலாந்தின் இனிமை பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது.

சுவைஞர்கள் ‘ஃபினிஷ்’ என்பதைத் தமிழில் ஈறு எனலாம். தொண்டைக்குள் இறங்கியபின் சுவை எத்தனை மாத்திரை நிற்கிறது என்பதே கேள்வி. இதற்கு நம் இலக்கணம் எப்போதோ அளவுகோல் செய்து வைத்திருக்கிறது. புல்லிட், 45 விழுக்காடு, குற்றியலுகரம் போல் அரை மாத்திரையில் குறுகி நிற்கிறது. 50.5 விழுக்காட்டு வைல்ட் டர்க்கி தெளிவான அளபெடை. பைக்ஸ்வில்லின் ஈற்றை நண்பர் வாய் திறந்து “ஆஅ” என்று வெளியிட்டமையால் அதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

இங்கே ஒரு பெயர்மயக்கத்தையும் தீர்க்க வேண்டும். வைல்ட் டர்க்கியின் ஊர் லாரன்ஸ்பர்க். புல்லிட் பெயரில் வந்துள்ள ரை வடிக்கப்பட்டதும் லாரன்ஸ்பர்க்கில்தான். முன்னது கென்டக்கியில் உள்ளது, பின்னது இந்தியானாவில். இந்தியானா ஆலையின் பேர்பெற்ற கலவை 95 பங்கு ரை, 5 பங்கு முளைகட்டிய பார்லி. அதை வாங்கித் தத்தம் பெயரில் குப்பியிலிட்டவர்கள் பலர். அயோவாவின் டெம்பிள்டன் அவர்களுள் ஒருவர். 2015-இல் வழக்குச் சமரசத்துக்குப்பின் லேபிளில் இந்தியானாவின் பெயரும் ஏறியது. இந்தக் கலவையில் சதகுப்பை மணம் உண்டு என்று அமெரிக்கக் குறிப்பாளர் பலர் எழுதுகிறார்கள். அவர்களுக்குச் சதகுப்பை என்றால் ஊறுகாய் வெள்ளரிக்காய். ஆகவே ஊறுகாய் ஜாடி என்றும் எழுதுவார்கள். நண்பரும் அன்று ஊறுகாய் ஜாடி என்றே எழுதிக்கொண்டார். அவர் வீட்டுக் குளிர்பெட்டியில் அப்படியொரு ஜாடி இருந்ததே இல்லை.

அம்மா குடிக்கமாட்டார். முந்தானையை மூக்கோரம் பிடித்தபடி நான்கு கோப்பைகளையும் முகர்ந்தார், வைத்தார். முதல் இரண்டையும் கையால் ஒதுக்கி, “இது ரெண்டும் ஒண்ணுதாம்ல. ஒண்ணு பழசு” என்றார். வைல்ட் டர்க்கியை ஒன்றும் சொல்லவில்லை. புல்லிட்டிடம் வந்ததும் மகனை முறைத்தார்.

“ஏல, இதென்ன, புள்ளைக்கு ஊத்துற கிரைப் வாட்டர் வாடைல்லா அடிக்கி?”

கிரைப் வாட்டர் 1851-இல் இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் உண்டாக்கியது. அதன் மணம் சதகுப்பை எண்ணெயின் மணம். பழைய தயாரிப்பில் ஆல்கஹாலும் இருந்தது. முகர்ந்த அளவில் இத்தனையும் பிடிபட்டது ஒருவருக்கே. அவர் லேபிள் எதையும் படிக்கவில்லை, படிக்கக் கண்ணாடியும் போட்டிருக்கவில்லை.

அன்று முதல் அவ்வீட்டில் அந்தக் குப்பிக்கு வேறு பெயர் கிடையாது. விருந்துக்கு வந்த அமெரிக்க நண்பர் ஒருவர் அதென்ன கிரைப் வாட்டர் என்று கேட்க, இந்தியானாவின் பழைய வடிப்புமுறை என்று நம் சுவைஞர் சொல்லி வைத்தாராம். வந்தவர் ஒரு மிடறு அருந்தி, கண்ணை மூடித் தலையாட்டினார்.