சக்கரத்தாழ்வார்

காலை ஏழரை மணிக்குத் தேவனஹள்ளிப் பக்கம் ஒரு தர்ஷினி வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு டோக்கன் வாங்க உள்ளே போகிறீர்கள். திரும்பி வரும்போது அவர் உங்கள் சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். உங்களை நிமிர்ந்து பார்க்க மாட்டார். இடது கை ஹேண்டில்பாரில் இருக்கும். வலது கை நடுவிரலால் டயரை ஒரு சுண்டு சுண்டுவார். சக்கரம் சுற்றும். காதை அதன் அருகே கொண்டுபோவார். கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். வேகம் குறைந்து, வால்வு இருக்கும் பக்கம் கனத்தில் கீழே இறங்கி, ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடி, முழுசாக நிற்கும்வரை யாரும் பேசக் கூடாது.

"எவ்ளோ குடுத்தீங்க குரு?"

சொல்வீர்கள்.

"ம்."

அவ்வளவுதான். கையிலிருக்கும் காபி அன்றைக்கு ருசிக்காது.

அல்சூரில் ஒருவர், ஒயிட்ஃபீல்டில் இருவர், ஜெயநகரில் வீதிக்கு ஒருவர் என்று இருக்கிறார்கள். இருபதாயிரத்துக்குள் ஒரு ஜோடிச் சக்கரம் வாங்கலாமா என்று இந்த ஊரில் யாராவது மனசுக்குள் நினைத்தால் போதும், பக்கத்தில் ஒருவர் வந்து நின்றுவிடுவார். எங்கள் குழுவுக்கு வாய்த்தவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்த விரல்தான் என் மனக்குறை. தூக்கிப் பிடித்துச் சுண்டிய சக்கரம் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்பதை வைத்து அதன் தரத்தைச் சொல்லவே முடியாது. ஹப்புக்குள் கெட்டிக் கிரீஸ் வைத்து, தண்ணீர் புகாதபடி ரப்பர் சீல் போட்ட நல்ல சக்கரம் சீக்கிரம் நின்றுவிடும். சீல் எதுவும் இல்லாமல், பால்ரஸ்ஸில் இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்ட மட்டமான சக்கரமோ நீங்கள் மசால் தோசையை முடிக்கும்வரை சுற்றிக்கொண்டிருக்கும். ஜூலை மழையில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தால் அதன் வண்டவாளம் தெரிந்துவிடும். மேலே எழுபத்தைந்து கிலோ ஆசாமி ஒருவர் ஏறி உட்கார்ந்த பிறகு பேரிங் தின்கிற சக்தி வெறும் கொசுறு. டயரும் எதிர்க்காற்றும் தின்பதுதான் பெரிய செலவு. டயருக்கு அளவாகக் காற்றடித்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். இதையெல்லாம் அவரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அதெல்லாம் சரி, இப்ப இதைக் கேளுங்க" என்று பின்சக்கரத்தைத் தூக்கினார்.

பின்சக்கரத்துக்குத் தனிக் கச்சேரி உண்டு. பெடலை நிறுத்தினால் ஹப் எழுப்பும் 'கிர்ர்ர்' கொஞ்சம் பலமாக இருந்தால், "கிரீஸ் கம்மி." மெதுவாக இருந்தால், "ஸ்பிரிங் வீக்கு." சத்தமே இல்லாவிட்டால், "சைலன்ட் ஹப் நமக்கு ஆகாது குரு, குறுக்க வர்ற நாய்க்கு எப்படித் தெரியும்?" பாஸாகும் சத்தம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று அந்த நாயைத்தான் கேட்க வேண்டும்.

பையில் கொக்கித் தராசு ஒன்று வைத்திருக்கிறார். ரயிலில் கொண்டுபோகும் பெட்டியை எடை போட வாங்கியதாம். "ஷிமானோ ஆர்எஸ்100 ஜோடி ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிராம் கிட்ட வருது. சைனா கார்பன் ஆயிரத்தைந்நூறு. நானூறு கிராம் குரு! நந்தியில தெரியும்!" நந்தி மலை 1,478 மீட்டர் உயரம், கடைசி ஏற்றம் ஏழெட்டுக் கிலோமீட்டர். ஆளும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து எண்பத்தைந்து கிலோ என்று வையுங்கள். நானூறு கிராம் அதில் அரை சதவீதம்கூட வராது. நாற்பது நிமிட ஏற்றத்தில் பத்து விநாடி மிச்சமாகலாம். அவர் மேலே போய் மூச்சு வாங்கி, படம் எடுத்து, சாய்த்து வைத்திருக்கும் சைக்கிள்களை எல்லாம் சுண்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. ரிம்மின் எடை இரட்டிப்பாகக் கணக்காகும் என்பார். ஆகும், வேகம் எடுக்கும்போது மட்டும். ஹெப்பால் மேம்பாலத்துக்கடியில் வேகம் எடுக்க எங்கே இடம் இருக்கிறது?

படித்தவர் வேறு. ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981-இல் சக்கரத்துக்கென்றே எழுதிய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருக்கிறார். சக்கரம் மேல்கம்பிகளில் தொங்கவில்லை, கீழ்க்கம்பிகளின் மேல்தான் நிற்கிறது என்பதை அதிலிருந்து எடுத்துச் சொல்வார். பாரம் ஏறும்போது கீழ்க்கம்பிகளில்தான் இழுவிசை குறைகிறது, மேலே பெரிய மாற்றம் இல்லை. அதனால் அது உண்மைதான். ஆனால் இதைக் கேட்கும் ஐ.டி. பையன் வீட்டுக்குப் போய்த் தன் கீழ்க்கம்பிகளை நினைத்துத் தூங்காமல் கிடப்பான். கூடவே பழம்பெருமையும் வரும். அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கினது, அவர் அப்பாவின் ஹெர்குலஸ், முன்னால் 32 கம்பி பின்னால் 40, இரண்டு மூட்டை அரிசி. அந்தச் சக்கரத்தை யாரும் சுண்டிப் பார்த்ததில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

சரி, அவர் எதில் ஓட்டுகிறார்? சைக்கிளோடு கம்பெனியில் மாட்டிக் கொடுத்த அதே சக்கரத்தில். கம்மனஹள்ளி வீட்டுச் சுவரில் இரண்டு ஜோடி கார்பன் துணி உறை போட்டுத் தொங்குகிறது. "இந்த ரோட்ல இறக்க மனசு வரல" என்கிறார். அதில் குற்றம் சொல்ல முடியாது. காலையில் ஜல்லி கொட்டி மூடிய குழி மாலைக்குள் வாயைத் திறந்துவிடுகிற ஊர் இது. போதாததற்கு, 50 மில்லிமீட்டர் ஆழ ரிம்மை ஜூன் மாதக் குறுக்குக் காற்றில் ஹெசரகட்டாப் பக்கம் கொண்டுபோனால் சைக்கிள் தானாகவே பக்கத்து லாரியிடம் நலம் விசாரிக்கப் போகும்.

இவரை அடியோடு வெறுக்கவும் முடியவில்லை. அதே ஹெசரகட்டா ரோட்டில் ஒருநாள் கல்லூரிப் பையன் ஒருவனுக்குப் பின்சக்கரத்தில் கம்பி ஒடிந்து, ரிம் பிரேக் கட்டையில் உரசி நின்றுவிட்டது. நாங்கள் எல்லாரும் "அய்யோ பாவம்" என்று நின்றோம். அவர் புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒடிந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றினார். நிப்பிள் சாவியை எடுத்து, இருபுறமும் எதிர்ச்சாரிக் கம்பிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். பிரேக் கட்டையையே அளவாக வைத்துக் கோட்டம் எடுத்தார். கம்பி கம்பியாகத் தட்டிச் சத்தம் பார்த்தார். அந்தக் காது உண்மையிலேயே பயன்பட்டதை அன்றுதான் பார்த்தேன். இறுக்கம் குறைந்த கம்பி தனியாகக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பத்தே நிமிடம். பையன் பர்ஸை எடுத்து, "எஷ்டு கொடபேகு அண்ணா?" என்றான். "ஏனூ பேடா" என்று தட்டிக் கொடுத்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்குள், "ஆதரெ, ஈ ரிம் யாக்கே தகொண்டே?" என்று ஆரம்பித்துவிட்டார். எதற்காக இந்த ரிம்மை வாங்கினாய் என்ற விசாரணை முடியும்போது வெயில் ஏறிவிட்டது. பையன் பணமாகவே கொடுத்துத் தப்பித்திருக்கலாம்.

கடைசியாக என் வழக்கு. இதில் வேடிக்கை எதுவும் இல்லை. என் சைக்கிளுக்கு ரிம் பிரேக். பிரேக் கட்டை வருஷக்கணக்காக உரசியதில் பின் ரிம்மின் ஓரம் விரல் வைத்தால் பள்ளம் தெரியுமளவுக்கு உள்வாங்கிவிட்டது. இப்படியே விட்டால் என்றைக்காவது ஒருநாள் டயரின் அழுத்தம் தாங்காமல் ஓரம் பிளந்துகொள்ளும். இறக்கத்தில் பிளந்தால் ஆஸ்பத்திரிதான். எனக்குப் பத்து விநாடி மிச்சம் வேண்டாம், காற்றைக் கிழிக்கவும் வேண்டாம். அலுமினிய ரிம், 28 கம்பிக்குக் குறையாமல், எந்த ஊர் மெக்கானிக்கும் மாற்றித் தரக்கூடிய சாதாரணக் கம்பி, சீல் போட்ட ஹப். அவ்வளவுதான். மலிவான சக்கரம் இதற்குத் தாராளமாகப் போதும். வாங்கியவுடன் ஒருமுறை நல்ல கையில் கொடுத்துக் கம்பிகளைச் சீராக இறுக்கி வாங்கினால் விலைக்கு மேலேயே உழைக்கும். இதை அவரே பத்துப் பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் தெரியாத்தனமாக ஒரு டிசம்பர் மாதம் அவரிடமே போய், ரிம்மைக் காட்டி, "வாங்கட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தை சொல்லுங்க" என்றேன்.

வெகுநேரம் யோசித்தார்.

"வாங்கலாம் குரு. ஆனா அவசரப்படாதீங்க. நவம்பர்ல சேல் வரும்."