வயிற்றுக்குள் ஒரு குடித்தனம்: கேள்வி-பதில்

மனித செல்களைவிடப் பத்து மடங்கு பாக்டீரியா நம் உடம்பில் இருக்கிறதாமே?
– சித்தூர் வாசகர்

அது பழைய கணக்கு. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வாளர்கள் 2016-ல் கணக்கைத் திருத்தினார்கள். செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. பெரும்பாலானவற்றுக்கு விலாசம் பெருங்குடல். மொத்த எடை 200 கிராம். திருப்பதி லட்டு ஒன்றைவிடக் கொஞ்சம் கூடுதல்.

'பெத்தல மாட்ட சத்தி மூட்ட' என்று தெலுங்கில் சொல்வாள் என் பாட்டி. பெரியவர் சொல்லைப் பழைய சோற்று மூட்டை என்பது புகழ்ச்சியா, கிண்டலா?
– பலமநேர் வாசகி

புகழ்ச்சிதான். சோறு ஆறும்போது மாவுச்சத்தில் கொஞ்சம் இறுகிவிடும். சிறுகுடலுக்கு அது செரிக்காது. பெருங்குடல் பாக்டீரியாவுக்கோ அதுதான் விருந்து. தின்றுவிட்டு அவை விடும் கொழுப்பு அமிலங்கள், உப்பையும் நீரையும் குடல் உறிஞ்ச உதவும். உங்கள் பக்கத்து ஊர் வேலூரில், சி.எம்.சி. மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் இந்தச் சூட்சுமத்தைக் காலராவிலேயே சோதித்தார்கள். உப்பு-சர்க்கரைக் கரைசலில் இப்படிச் செரிக்காத மக்காச்சோள மாவைக் கலந்து கொடுத்ததும் வயிற்றுப்போக்கு குறைந்தது, சீக்கிரமும் நின்றது. முடிவை 2000-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. பாட்டிக்கு இதழில் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எலும்பு முறிந்தால் எங்கள் ஊர்க் கட்டு. குடல் கெட்டால் புரோபயாடிக் மாத்திரை போதுமா?
– புத்தூர் வாசகர்

மாத்திரையில் வரும் பாக்டீரியா பெரும்பாலும் மலையேற வந்த யாத்ரீகர் மாதிரி. சத்திரத்தில் நாலு நாள் தங்கும். பிறகு மூட்டையைக் கட்டும். எந்த நோய்க்கு எந்த ரகம் என்று மருத்துவர் சொல்லிக் கொடுத்தால் பலன் உண்டு. விளம்பரம் பார்த்து வாங்கினால் பலன் கடைக்காரருக்கு.

ஒருவர் மலத்தை இன்னொருவருக்கு மருந்தாகக் கொடுக்கிறார்களாமே? சீ, நிஜமா?
– திருப்பதி வாசகி

நிஜம். ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழித்துவிட்டால், காலியான வீட்டில் 'குளோஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில்' என்ற ரவுடி புகுந்துகொள்ளும். மருந்துக்கும் அசையாமல் திரும்பத் திரும்ப வரும். ஆரோக்கியமானவரின் மலத்தைக் கரைத்து, குழாய் வழியே குடலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள் நெதர்லாந்து மருத்துவர்கள். 16 பேரில் 13 பேர் முதல் தடவையிலேயே தேறினார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் பெற்ற 13 பேரில் நால்வர்தான். முடிவு வெளியான ஆண்டு 2013. 'தானத்தில் சிறந்தது எது?' என்று இனி பட்டிமன்றம் வைக்கும்போது யோசித்து வையுங்கள்.

தினமும் மைதா பரோட்டாதான் சாப்பிடுகிறேன். குடித்தனக்காரர்கள் கோபிப்பார்களா?
– குப்பம் வாசகர்

கோபிக்க மாட்டார்கள், பசியில் சுவரைச் சுரண்டுவார்கள். நார்ச்சத்தே இல்லாமல் எலிகளுக்குத் தீனி போட்டபோது, குடலின் உட்பூச்சான சளிப்படலத்தையே பாக்டீரியா தின்றதை 2016-ல் கண்டார்கள். ராகி சங்கட்டி, கீரைப் பப்பு, வேர்க்கடலை என்று உங்கள் ஜில்லாவில் கிடைப்பதைப் போடுங்கள். வாடகை வராவிட்டாலும், சுவர் உங்களுடையது!