ரத்தம் கம்மி... ஏன் கம்மி?

(பரம்பரை ரத்தசோகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்)

● கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் ஹீமோகுளோபின் 10-ஐத் தொட்டதில்லை. வருஷக்கணக்காக இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் பலனில்லை. எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 64, சிவப்பணு 5.6 மில்லியன் என்று ரிப்போர்ட் சொல்கிறது. என்ன செய்வது? (வாசகி, தேனி)

இரும்புதான் குறை என்றால், ஒழுங்காக மாத்திரை போட்ட ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏறியிருக்கும். ஏறவில்லையென்றால் மாத்திரையின் பிராண்டை மாற்றிப் பயனில்லை, காரணத்தைத் தேட வேண்டும். 64-ஐ 5.6-ஆல் வகுத்துப் பாருங்கள். 11-க்குக் கொஞ்சம் மேலே வரும். விடை 13-க்குக் கீழே இருந்தால், பரம்பரை ரத்தசோகையின் லேசான வகையான தலசீமியா மைனரைச் சந்தேகிக்கச் சொன்னார் மென்ட்சர் என்ற மருத்துவர், 1973-இல். இது துப்பு மட்டுமே. உறுதி செய்ய இரண்டு சோதனைகள் வேண்டும். இரும்புக் கையிருப்பைக் காட்ட ஃபெரிட்டின். ஹீமோகுளோபினை வகை பிரித்துக் காட்ட எச்.பி.எல்.சி. அதில் ஏ2 வகை ஹீமோகுளோபின் 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா மைனர் என்று கொள்ளலாம். இரும்பும் கூடவே குறைந்திருந்தால் ஏ2 இறங்கிக் காட்டும்; இரும்பைச் சரிசெய்தபின் மறுபடி பாருங்கள். தலசீமியாவின் ஆல்ஃபா வகை இந்தச் சோதனையில் சிக்காமல் போகலாம். அதற்கு மரபணுப் பரிசோதனை வேண்டும்.

● முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட்? (வாசகர், கும்பகோணம்)

மூன்றும் நல்லவை, சாப்பிடுங்கள். ஆனால் மரபணுவில் வந்த குறையை அடுப்படியில் தீர்க்க முடியாது. கீரை கொடுக்கத் தவறிவிட்டோமே என்று எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம்.

● சின்ன வயதிலிருந்தே அவ்வப்போது கண் மஞ்சளாகும். கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். அப்பாவுக்கு இளம் வயதிலேயே பித்தப்பைக் கல். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (வாசகர், விருதுநகர்)

இருக்கலாம் என்று நினைத்துத்தான் தேட வேண்டும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதற்கு முன்பே உடைந்தால் பிலிரூபின் பெருகிக் கண் மஞ்சளாகும். பித்தப்பையில் கல்லாகவும் சேரும். எல்லாரும் கல்லீரலையே பார்த்துக்கொண்டிருக்க, பிரச்சினை ரத்தத்தில் இருக்கும். ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கை, நுண்ணோக்கியில் ரத்தப் பூச்சு, உடம்பே சிவப்பணுவைத் தாக்குகிறதா என்று காட்டும் கூம்ப்ஸ் சோதனை மூன்றையும் கேளுங்கள். சிவப்பணு உருண்டையாகிவிடும் ஸ்ஃபீரோசைட்டோசிஸ் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வந்துவிடும். உறுதியானால் பிள்ளைகளையும் சோதியுங்கள். மண்ணீரலை எடுக்கச் சொன்னால், அதற்கு முன் போட வேண்டிய தடுப்பூசிகளைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

● அரிவாள் அணு சோகை ஆப்பிரிக்கர்களுக்குத்தானே வரும்? (வாசகி, கூடலூர்)

உங்கள் மலையிலேயே இருக்கிறது. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணுக் கூறு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-இலேயே எழுதிவிட்டார்கள். இந்த நோயை ஒழிக்கும் தேசிய இயக்கத்தை மத்திய அரசு தொடங்கியது 2023-இல்; இலக்கு 2047. இந்த நோய் தரும், எலும்பைப் பிளக்கும் வலியோடு வருகிறவரை யாரும் ‘நடிக்கிறார்’ என்று ஒதுக்கக் கூடாது. வலி வரும் தடவைகளைக் குறைக்க ஹைட்ராக்ஸியூரியா இருக்கிறது. மருத்துவரிடம் கேளுங்கள்.

● மகளுக்குத் தலசீமியா மைனர். மாப்பிள்ளை வீட்டில் சொல்லலாமா? (வாசகி, ஈரோடு)

தயங்காமல் சொல்லுங்கள், மாப்பிள்ளையையும் ஒரு எச்.பி.எல்.சி. எடுக்கச் சொல்லுங்கள். அவருக்கு இந்தக் கூறு எதுவும் இல்லையென்றால் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் எனும் கடுமையான வகை வராது. இருவருக்கும் மைனர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது என்பதெல்லாம் கிடையாது. மாப்பிள்ளைக்கு அரிவாள் அணுக் கூறு இருந்தாலும் ஆபத்துதான். அத்தை மகன், மாமன் மகன் என்றால் சோதனை கட்டாயம். கருவுக்கு உண்டா என்று 11-ஆவது வாரம் முதலே பார்க்க முடியும். சோதனை சம்பந்தத்தை முறிக்க அல்ல, பிறக்கப்போகும் பிள்ளையைக் காக்க.

● தலசீமியா மேஜர் உள்ள மகனுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம். இப்போது இரும்பை வெளியேற்ற மருந்து எழுதியிருக்கிறார்கள். எதற்கு? (வாசகர், கடலூர்)

ஒரு யூனிட் ரத்தத்தோடு 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளே போகிறது. உடம்பு ஒரு நாளில் இழப்பது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மிச்சம் இதயத்திலும் கல்லீரலிலும் சுரப்பிகளிலும் படியும். ரத்தம் உயிரைக் காக்கிறது, அந்த மருந்து இதயத்தைக் காக்கிறது. ஒரு நாளும் விடாதீர்கள். உடன்பிறந்தவர் இருந்தால் எச்.எல்.ஏ. (திசுப்) பொருத்தம் பாருங்கள், பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. எலும்பு மஜ்ஜை மாற்றினால் நோயிலிருந்தே விடுபடலாம். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் செய்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி தலசீமியா மாற்றுத்திறன் பட்டியலில் இருக்கிறது; சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள்.

● மைனர்தான், ஒன்றும் செய்யாது என்கிறார்கள். எனக்கோ தாங்க முடியாத களைப்பு. வீட்டில் சோம்பேறிப் பட்டம். (வாசகி, நாகர்கோவில்)

மைனர் உள்ள பலருக்குப் பெரிய தொந்தரவு இருக்காது. அதனால்தான் உங்கள் களைப்புக்கு வேறு காரணமும் தேட வேண்டும். தைராய்டு, பி12, ஃபெரிட்டின் பாருங்கள்; மாதவிடாயில் அதிகம் போகிறதா என்று சொல்லுங்கள். ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டதால் இன்னொன்று வராமல் இருந்துவிடாது. அந்தப் பட்டத்தை வீட்டுக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

● டாக்டர் “உன் உடம்பு வாகே அப்படி” என்று அனுப்பிவிடுகிறார். எதிர்த்துக் கேட்கலாமா? (வாசகர், திருநெல்வேலி)

எதிர்க்க வேண்டாம், கேளுங்கள். “இரும்பு குறைவா, ரத்தம் உடைகிறதா, உற்பத்தி குறைவா? எந்தச் சோதனையில் தெரியும்? ரத்தநோய் நிபுணரைப் பார்க்கட்டுமா?” இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள்; குடும்பத்தில் யாருக்குக் காமாலை, கல், மண்ணீரல் வீக்கம், ரத்தம் ஏற்றியது என்று ஒரு பக்கத்தில் எழுதிச் சேருங்கள். நல்ல மருத்துவர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். படிக்காதவரை விட்டு இன்னொருவரைப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.